காலி ஆசிட் வண்டியை நம்பாதீர்கள்

யார்டுக்குப் புதிதாக வரும் பையன்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். 98 சதவீத சல்பூரிக் ஆசிட் முழுதாக ஏற்றிய டேங்கர் ஒன்று நிற்கிறது. பக்கத்திலேயே, நேற்று சரக்கை இறக்கிவிட்டு வந்த காலி டேங்கர் ஒன்று நிற்கிறது. இரண்டும் ஒரே இரும்பு, ஒரே வயது. எது முதலில் ஓட்டையாகும்? கிட்டத்தட்ட எல்லோருமே நிரம்பிய வண்டியைத்தான் காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் காட்டினேன்.

தூத்துக்குடியில் ஆசிட் டேங்கர் பராமரிப்பில் 29 வருடம் இருந்தேன். துறைமுகத்துக்கும் உர ஆலைகளுக்கும் போய்வரும் சல்பூரிக் வண்டிகள் ஒரு வரிசை, சாகுபுரம் பக்கமிருந்து எச்.சி.எல்., அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஏற்றிவரும் வண்டிகள் இன்னொரு வரிசை. சுற்றிலும் உப்பளம். ஆசிட்டே ஏற்றாவிட்டாலும் இந்த ஊர்க் காற்று பாதி இரும்பைத் தின்றுவிடும். டேங்கர் வாங்கி ஓட்டுகிறவர்கள், யார்டு சூப்பர்வைசர்கள், தன் வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் டிரைவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேள்விக்குப் பதில்: காலி வண்டி. காரணம் புரிந்துவிட்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கனமான, அதாவது தண்ணீர் மிகவும் குறைந்த, சல்பூரிக் ஆசிட் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டைத் தொட்டதும் கொஞ்சம் இரும்பைக் கரைக்கும். கரைந்தது இரும்பு சல்பேட்டாகி அதே பிளேட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். 98 சதவீத ஆசிட்டில் அந்தப் படலம் லேசில் கரையாது. அது போர்வை மாதிரி இரும்பை மூடிக்கொள்ள, அரிப்பு மிகவும் மெதுவாகிவிடும். அதனால்தான் இவ்வளவு பொல்லாத திரவத்தை வெறும் இரும்பு டேங்கில் வருடக்கணக்கில் கொண்டுபோக முடிகிறது. ஆனால் தண்ணீர் பட்டால் இந்தப் படலம் கரைந்துபோகும். ஆசிட்டும் நீர்த்துப்போகும். நீர்த்த சல்பூரிக் இரும்பைத் தின்பதுபோல எதுவும் தின்னாது. சல்பூரிக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. காலி டேங்கின் சுவரில் ஒட்டியிருக்கும் கொஞ்சூண்டு ஆசிட், மேலே ஆள் இறங்கும் வாயான மேன்ஹோல் வழியாக வரும் ஈரக் காற்றைக் குடித்துக் குடித்து நீர்த்துப்போகிறது. முழு டேங்கில் பதினைந்து டன் ஆசிட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் போனால் பெரிதாகத் தெரியாது. காலி டேங்கில் அடியில் கிடக்கும் இரண்டு வாளி ஆசிட்டுக்குள் அதே ஒரு சொம்பு போனால் கதையே வேறு.

நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு தீபாவளி சமயம், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு வண்டி ஒன்பது நாள் சும்மா நின்றது. மேன்ஹோல் மூடி வைத்துத்தான் இருந்தது, ஆனால் போல்ட்டை யாரும் முறுக்கவில்லை. மூடியிருக்கிறதே என்று நானும் யார்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் லோடு ஏற்றும்போது டிரைவர் போன் செய்தார். "அண்ணாச்சி, வண்டிக்கு அடியில சிமென்ட் தரை நுரைக்கு." போய்ப் பார்த்தால் சம்ப்புக்கு, அதாவது டேங்கின் அடியில் ஆசிட் வடிந்து சேரும் குழிக்கு, பக்கத்து வெல்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதே வெல்டை மூன்று மாதம் முன்பு அளந்து, நன்றாக இருக்கிறது என்று எழுதியவனும் நான்தான். நல்லவேளையாகப் பாதிதான் ஏற்றியிருந்தார்கள், வேறு டேங்குக்கு மாற்ற முடிந்தது. அதே வண்டி நெடுஞ்சாலையில் கிளம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த ஆசிட்டுக்கு எந்த டேங்க்

இதில் விட்டுக்கொடுத்தால் பின்னால் செய்யும் எந்தப் பராமரிப்பும் காப்பாற்றாது. கனமான சல்பூரிக்குக்கு எம்.எஸ். டேங்க் போதும். எச்.சி.எல்.லுக்கு வெறும் இரும்பு கூடவே கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கூடாது. பளிச்சென்று மின்னுகிறதே, தாங்கும் என்று நினைத்து எஸ்.எஸ். வால்வு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரமே அது சல்லடையாகிவிடும். எச்.சி.எல்.லுக்கு ரப்பர் லைனிங் போட்ட இரும்பு டேங்க், இல்லாவிட்டால் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) டேங்க். நைட்ரிக் ஆசிட் இந்த இரண்டுக்கும் நேர் எதிர். அதற்கு 304 எல் போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சரிப்படும். மிகவும் கனமான நைட்ரிக் என்றால் அலுமினியம். ரப்பரை நைட்ரிக் நார்நாராக்கிவிடும். 98 சதவீத சல்பூரிக்கும் ரப்பரைக் கருக்கிவிடும்.

ஆகவே, "நாளைக்கு எச்.சி.எல். லோடு இல்லை, அந்த ரப்பர் வண்டியில் ஒரு ட்ரிப் சல்பூரிக் அடித்துவிடலாமா" என்று யார் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள். லைனிங் போவது ஒரு பக்கம். மிச்சமிருக்கும் எச்.சி.எல்.லோடு சல்பூரிக் சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு குபீரென்று கிளம்பும். மேன்ஹோல் பக்கத்தில் நிற்பவருக்கு மூச்சே நின்றுவிடும்.

கேஸ்கட்டுக்கும் இதே கணக்குத்தான். சல்பூரிக் லைனில் டெஃப்லான் கேஸ்கட் போடுங்கள். அவசரத்துக்கு டயர் டியூபை வெட்டிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். தண்ணீர் லாரிக்குச் சரி. ஆசிட் வண்டியில் டியூப் கேஸ்கட்டைப் பார்த்தால் அந்த வண்டியின் மற்ற இடங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

தண்ணீரை வெளியே நிறுத்துவது

சல்பூரிக் வண்டியில் தினசரி வேலை என்றால் இதுதான். லோடு இறக்கி முடிந்ததும் அடியில் தேங்காமல் முழுக்க வடிய விட வேண்டும். வண்டி லேசாகப் பின்பக்கம் சரிந்து நின்றால் சம்ப்பில் வந்து சேரும். முன்பக்கம் சரிந்தால் வாளிக் கணக்கில் உள்ளேயே தங்கும். அதனால் இறக்கும் இடத்தின் தரைச் சரிவைப் பார்த்து வண்டியை நிறுத்துவது டிரைவரின் வேலை. வடிந்ததும் வால்வை மூடி, வால்வுக்கு வெளியே டம்மி ஃபிளேஞ்ச் (ஓட்டையில்லாத மூடித் தகடு) போட்டு எல்லாப் போல்ட்டையும் முறுக்க வேண்டும். எட்டுப் போல்ட் இருந்தால் எட்டும். நாலு போதும் என்கிற பேச்சே கூடாது. மேன்ஹோல் மூடிக்கும் அப்படியே.

டேங்க் மூச்சுவிட ஒரு வென்ட் இருக்கும். பகலில் வெயிலில் உள்ளே காற்று விரிந்து வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஒவ்வொரு ராத்திரியும் டேங்க் ஈரத்தைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வென்ட்டில் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று மாட்டினால் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். நிறம் மாறும் வகை வாங்குங்கள். நிறம் மாறியதும் மாற்றிவிடலாம். பெரிய செலவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் முதல் ஐந்து வருடம் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. மேலே சொன்ன தீபாவளிக்கு அப்புறம் ஒதுக்கினார்கள்.

கம்ப்ரஸர் காற்றை வைத்து அழுத்தி இறக்குகிற இடங்களில் இன்னொரு வம்பு. இறக்கும் இடத்தின் கம்ப்ரஸரில் தண்ணீர் வடிக்காமலே வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் காற்றோடு சேர்ந்து நேரே நம் டேங்குக்குள் வரும். ஹோஸை மாட்டும் முன்பு வெறும் காற்றை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, எதிரே காய்ந்த அட்டை ஒன்றைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுவேன். அட்டை நனைந்தால் டிரெயினைத் திறந்து வடித்த பிறகுதான் மாட்ட வேண்டும். அழுத்தம் டேங்கின் பிளேட்டில் அடித்திருக்கும் வேலை அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. கனம் குறைந்த பழைய டேங்கில் அது இன்னும் கண்டிப்பு.

சூடும் வேகமும் அந்தப் படலத்துக்கு எதிரிகள். ஆலையிலிருந்து சூடாக வரும் ஆசிட்டை 40 டிகிரிக்கு மேல் ஏற்ற நான் விட்டதில்லை. குழாய்க்குள் ஆசிட் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடினால் படலத்தை அது வழித்துக்கொண்டு போய்விடும். சீக்கிரம் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று பம்பை முழுக்கத் திறப்பவர்கள், எல்போக்களும் (குழாய் வளைவுகளும்) நிரப்பும் குழாயின் வாய்க்கு நேர் கீழே உள்ள பிளேட்டும் ஏன் மெலிகின்றன என்று பிறகு வந்து கேட்பார்கள்.

கழுவுவதா, வேண்டாமா

ஒரே ஆசிட்டையே ஓட்டும் சல்பூரிக் வண்டியைக் காரணமில்லாமல் கழுவாதீர்கள். என் அனுபவத்தில் டேங்குகளை அதிகம் கெடுத்தது ஆசிட் இல்லை, அரைகுறைக் கழுவல்தான். சோதனைக்கோ பழுதுபார்க்கவோ திறந்துதான் ஆக வேண்டும் என்றால் முழுக்கக் கழுவ வேண்டும், ஒரே மூச்சில்.

முதலில் கடைசிச் சொட்டு வரை வடியுங்கள். ஆசிட் தேங்கியிருக்கும்போது தண்ணீரைத் திறந்தால் உள்ளே கொதித்துப் பீய்ச்சும். தண்ணீருக்குள் ஆசிட்டை ஊற்றலாம், ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா, அது இங்கே உயிர்ப் பிரச்சினை. வடிந்த பிறகு, கொஞ்சமாகத் தெளிக்காமல், நிறையத் தண்ணீரை வேகமாக விட்டு அலச வேண்டும். மெதுவாக நனைத்தால் நீர்த்த ஆசிட் சுவரில் நீண்ட நேரம் நிற்கும். அதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறோம். அப்புறம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைத்த தண்ணீர். வெளியே வரும் தண்ணீரில் நீல லிட்மஸ் தாள் சிவப்பது நிற்கும் வரை விடாதீர்கள். அதன் பிறகு நல்ல தண்ணீர் ஒரு தடவை, பிறகு பிளோயர் வைத்துக் காய விடுவது. காய்ந்த பிறகே வேலை. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. சுண்ணாம்பு போட்ட தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

அடியில் சாம்பல் நிறத்தில் சேறு ஒன்று படிந்திருக்கும். இரும்பு சல்பேட் சேறு. அதற்குள் ஆசிட் ஒளிந்திருக்கும். மேலே தண்ணீர் சுத்தமாக வருகிறது என்று நம்பி நிறுத்தினால், மறுநாள் அதே சேற்றிலிருந்து நீர்த்த ஆசிட் கசிந்து அடிப் பிளேட்டைக் குழி குழியாக்கும். சேற்றைக் கலக்கிவிட்டு மறுபடி லிட்மஸ் பாருங்கள்.

கனம் அளப்பது

என் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அல்ட்ராசோனிக் கேஜ் என்று கைக்குள் அடங்கும் கருவி ஒன்று. பிளேட்டின் வெளிப்பக்கம் ஜெல் தடவி அதன் முனையை வைத்தால் உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சம் என்று மில்லிமீட்டரில் காட்டும். வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அளக்கும் முன்பு, கூடவே வரும் படிக்கட்டு மாதிரியான இரும்புக் கட்டையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அளக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண கேஜ் பெயின்ட்டின் கனத்தையும் சேர்த்துக் கூட்டிக் காட்டிவிடும். ஒரே இடத்தில் மூன்று தடவை வைத்து, மிகக் குறைந்த எண்ணை எழுத வேண்டும். சராசரி எழுதுகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

எங்கே அளப்பது? டேங்கைப் பின்னாலிருந்து கடிகார முகமாகப் பாருங்கள். ஆறு மணி இடம், அதாவது அடிவயிறு, அதுதான் முதல் இடம். அதற்கு இரு பக்கமும் ஐந்து மணி, ஏழு மணி. பாதி லோடு நிற்கும் வண்டியில் ஆசிட் மட்டம் தொடும் கோடு, மூன்று மணியும் ஒன்பது மணியும். மேலே பன்னிரண்டு மணி, ஏனென்றால் ஈரக் காற்று தங்கும் இடம் அதுதான். அப்புறம் டேங்கின் இரு முனைகளையும் மூடும் டிஷ் எண்டின் வளைவு, வெல்டுகளின் இரு கரை, சம்ப்பைச் சுற்றி, அவுட்லெட் கழுத்து, மேன்ஹோல் கழுத்து, நிரப்பும் குழாய்க்கு நேர் கீழே. சேஸிஸில் உட்காரும் சாடில் பட்டைக்கு மேலே உள்ள ஷெல்லையும் (டேங்கின் உடல் தகட்டையும்) விட்டுவிடாதீர்கள்.

மேன்ஹோல் கழுத்து ஏன் என்று பலர் கேட்பார்கள். இரும்பும் ஆசிட்டும் சேரும் இடத்தில் ஹைட்ரஜன் குமிழ் உண்டாகும். அது மேலே ஏறும்போது ஒரே பாதையில் சுவரை உரசிக்கொண்டு போகும். அந்தப் பாதையில் மட்டும் படலம் அழிந்து, எலி கடித்த மாதிரி நீளமான பள்ளம் விழும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேஜ் முனை அந்தப் பள்ளத்துக்கு அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் அதுவும் நன்றாகத்தான் காட்டும். ஆகவே கேஜை மட்டும் நம்பாமல், திறக்கும் வாய்ப்பு வரும்போதெல்லாம் டார்ச் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். டார்ச் தீப்பொறி வராத வகையாக இருக்கட்டும்.

அளந்த இடங்களைப் பெயின்ட்டால் வட்டமிட்டு எண் போடுங்கள். பஞ்ச் வைத்து அடித்துக் குறி போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. அந்தக் குழியே துருவுக்கு வீடாகும். அடுத்த தடவையும் அதே வட்டத்தில் அளந்தால்தான் கணக்கு வரும்.

கணக்கு எளிது. புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்த பிளேட் மூன்று வருடம் கழித்து 7.1 காட்டுகிறது. தேய்ந்தது 0.9, வருடத்துக்கு 0.3. டேங்க் செய்தவர் தந்த வரைபடத்தில் குறைந்தபட்சம் 5 என்று இருந்தால், தேய இன்னும் 2.1 இருக்கிறது. வகுத்தால் ஏழு வருடம். அதற்காக ஏழு வருடம் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. பாதிக் காலம் போனதும் மறுபடி அளக்க வேண்டும். ஆனால் அதே டேங்கில் சம்ப் பக்கம் ஒரு வட்டம் மட்டும் 6.2 காட்டுகிறது என்று வையுங்கள். அங்கே வருடத்துக்கு 0.6 போகிறது. மிச்சம் 1.2, ஆயுள் இரண்டே வருடம், அடுத்த அளவு ஒரு வருடத்தில். முழு டேங்குக்கும் அந்த ஒரு வட்டத்தின் கணக்குத்தான் கணக்கு.

கணக்கு எவ்வளவு நீண்ட காலம் காட்டினாலும் அளவை ஒரேயடியாகத் தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்கப் போக்குவரத்து விதிகளில், டேங்கையே அரிக்கக்கூடிய சரக்கு ஏற்றும் லைனிங் இல்லாத டேங்குகளுக்கு உட்புறப் பார்வை வருடம் ஒரு முறை, கனம் அளப்பது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று இருக்கிறது. லைனிங் உள்ள டேங்கில் லைனிங் சோதனை வருடம் ஒரு முறை. எங்கள் யார்டில் கனத்தை வருடம் ஒரு முறையே அளந்தோம். ஐந்து வருடம் தாண்டிய வண்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும்.

எச்.சி.எல். வண்டியும் ரப்பரும்

எச்.சி.எல். விஷயத்தில் போர்வை எதுவும் கிடையாது. இரும்பைத் தொட்டால் தொட்ட இடத்தில் கரைக்கும், நிற்காது. அதைத் தடுப்பது லைனிங் மட்டுமே. ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், அதே கதைதான். லைனிங்கில் ஊசித்துளை போதும். ஆசிட் உள்ளே போய் ரப்பருக்குப் பின்னால் இரும்பைக் கரைத்து, அங்கே ஹைட்ரஜன் சேர்ந்து ரப்பர் கொப்புளம் மாதிரி உப்பும்.

டேங்கைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். ஏற்றும்போது ஒரு பாட்டில், இறக்கும்போது ஒரு பாட்டில் சாம்பிள். இரண்டையும் வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். வணிக எச்.சி.எல். கொஞ்சம் மஞ்சளாகவே வரலாம், ஆகவே தனி ஒரு பாட்டிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏற்றியதைவிட இறக்கியது மஞ்சள் ஏறியிருந்தால் உள்ளே இரும்பு கரைகிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர் நிறத்தைப் பற்றிப் புகார் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாமல் முதலில் டேங்கைப் பாருங்கள். அவர் சொல்லி நாங்கள் இரண்டு லைனிங்கைக் காப்பாற்றியிருக்கிறோம்.

திறந்து பார்க்கும்போது மர உளியின் பிடியால் ரப்பரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடம் ஒரு சத்தம், உப்பிய இடம் பானையைத் தட்டுகிற சத்தம். மூட்டு ஓரங்களும், ஃபிளேஞ்ச் முகத்தில் ரப்பர் மடங்கும் இடமும்தான் முதலில் போகும். முழுசாகச் சந்தேகம் தீர ஸ்பார்க் டெஸ்ட் செய்ய வேண்டும். லைனிங் போட்ட கம்பெனிக்காரர் அந்த ரப்பரின் கனத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று சொல்வார். அதைவிடக் கூட்டினால் நல்ல ரப்பரையே நாம் துளைத்துவிடுவோம். துளை இருக்கும் இடத்தில் நீலப் பொறி பாயும். உள்ளே வாயு சோதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

லைனிங் டேங்கின் வெளியே எங்குமே வெல்டிங் வைக்கக் கூடாது. ஏணிக்குப் பிடி ஒட்டவைத்தோம், நம்பர் பிளேட்டுக்குப் பட்டை ஒட்டவைத்தோம் என்று சொல்வார்கள். அந்த இடத்துக்கு நேர் உள்ளே ரப்பர் கருகிப் போயிருக்கும். டேங்கின் மேல் "லைனிங் உள்ளது, வெல்டிங் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். இன்னொன்று, வென்ட்டை மூடிவைத்துக்கொண்டு அவுட்லெட்டைத் திறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ரப்பரையே பிய்த்து இழுக்கும். டேங்கே நசுங்கவும் கூடும்.

தீயும் ஆள் இறங்குவதும்

அரிப்பு என்றாலே ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எவ்வளவு கலந்தாலும் தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. நிறமில்லை, வாசனையும் இல்லை. எங்கள் பழைய வெல்டர் ஒருவர் காலி சல்பூரிக் வண்டியின் மேல் நடைபாதைத் தகடு ஒட்டவைக்க உட்கார்ந்தார். மேன்ஹோல் மூடியே இருந்தது. ஆர்க் வைத்ததும் 'டமார்' என்று மூடி எகிறிப்போய் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அவருக்குக் காது மட்டும்தான் கொஞ்ச நாள் கேட்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

எனவே கழுவி, நடுநிலையாக்கி, பிளோயர் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, கருவியால் வாயுவை அளந்த பிறகே வெல்டிங். ஆள் உள்ளே இறங்குவதென்றால் ஆக்ஸிஜனையும் அளக்க வேண்டும், 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஒரு ஆள் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அந்த ஆள் டீ குடிக்கப் போகக் கூடாது. உள்ளே இருப்பவர் விழுந்தால் தானும் குதிக்கக் கூடாது. பி.வி.சி. உடை போடும்போது பேன்ட்டை கம்பூட்டுக்கு வெளியே விடச் சொல்லுங்கள். உள்ளே செருகினால் மேலே தெறிக்கும் ஆசிட் வழிந்து நேராக பூட்டுக்குள்தான் இறங்கும்.

வெளிப்புறம்

ஏற்றும்போது மேன்ஹோல் ஓரம் வழியும் ஒரு கரண்டி ஆசிட் ஷெல்லில் ஓடி, சாடிலுக்கு அடியில் போய் உட்காரும். அடுத்த மழையில் அது நீர்த்த ஆசிட். பிரேக் பைப், யூ போல்ட், ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் அது தின்னும். டேங்க் ஓட்டையாகாமல் பிரேக் போன வண்டிகளும் உண்டு. வழிந்ததை அன்றைக்கே சோடா ஆஷ் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். ஃபிளேஞ்ச் மூட்டில் வெள்ளையாகவோ வெளிர் பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி தெரிந்தால் அது உப்பளத்து உப்பு என்று விட்டுவிடாதீர்கள். கசிவின் முதல் அடையாளம் அது. காலையில் வண்டியைச் சுற்றிவரும்போது நான் முதலில் தேடுவது அந்தப் பூவைத்தான்.

போர்டும் காகிதமும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129இலிருந்து 137 வரை நமக்கானவை. சரக்கை ஏற்றத் தகுதியான வண்டிதானா என்று பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று விதி 132 சொல்கிறது. ஆக, கனம் அளந்த நோட்டு வெறும் நோட்டு இல்லை. நாளை யாராவது கேட்டால் காட்ட நம்மிடம் இருப்பது அதுதான். வண்டியின் இரு பக்கமும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை வேண்டும். சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், சரக்கை அடையாளம் காட்டும் யூ.என். எண் 100 மில்லிமீட்டரில், 250 மில்லிமீட்டர் சதுரத்தில் லேபிள். சல்பூரிக்குக்கு 1830, எச்.சி.எல்.லுக்கு 1789, நைட்ரிக்குக்கு 2031. பழைய சரக்கின் எண்ணை வைத்துக்கொண்டு புதுச் சரக்கு ஏற்றப் போவது, தவறான ஆசிட்டைத் தவறான டேங்கில் நாமே அழைத்து ஊற்றச் சொல்வது மாதிரி.

அரிக்கும் சரக்குக்கான எட்டாம் வகுப்பு லேபிளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஒரு குழாயிலிருந்து சொட்டு கையின் மேல் விழுகிறது, இன்னொன்றிலிருந்து உலோகத்தின் மேல். டிரைவர்கள் கையை மட்டும்தான் பார்ப்பார்கள். ஸ்டீலையோ அலுமினியத்தையோ 55 டிகிரியில் வருடத்துக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் அரிக்கும் சரக்கும் அதே வகுப்பில்தான் வரும்.

வழியில் கசிந்தால்

வண்டியை ஊரையும் வாய்க்காலையும் விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள். காற்று வரும் பக்கம் நில்லுங்கள். ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் சரக்கு அனுப்பியவருக்கும் உடனே சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குச் சொல்வது விதி 136இன்படி டிரைவரின் கடமை. கேபினில் இருக்கும் ட்ரெம் கார்டை, அதாவது சரக்கின் அவசரகாலக் குறிப்பு அட்டையை, கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வருகிற தீயணைப்புக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். மேலே பட்டவரைத் துணியைக் கழற்றி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

கொட்டியதைக் காய்ந்த மணலாலோ மண்ணாலோ அணை கட்டி நிறுத்துங்கள். மரத்தூள், சாக்கு, வைக்கோல் எதையும் போடாதீர்கள். சல்பூரிக் அவற்றைக் கருக்கும், நைட்ரிக் தீ வைத்துவிடும். தேங்கிய ஆசிட்டில் தண்ணீரைப் பீய்ச்சவும் கூடாது. மணல் உறிஞ்சிய பிறகு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பையோ சோடா ஆஷையோ தூவிக்கொண்டு உள்ளே வாருங்கள். நுரை அடங்கியதும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டிரம்மில் அள்ள வேண்டும். மறுநாளும் ஒரு ஆளை அந்த இடத்துக்கு அனுப்புங்கள். ராத்திரி மழை பெய்திருந்தால் மண்ணுக்குள் மிஞ்சியிருந்தது மறுபடி மேலே வந்திருக்கும். லிட்மஸும் அரை மூட்டைச் சுண்ணாம்பும் கொடுத்தனுப்புங்கள்.